கம்ப்ரசர் மேல குத்தமில்ல

குளச்சல்ல கடற்கரைய ஒட்டி வீடு. வண்டி ஓடும்போதே பின்னாடி இடதுபக்கம் தாழ்ந்து, ஏர் சஸ்பென்ஷன் (காத்துப் பையில வண்டியத் தாங்குற அமைப்பு) லைட் எரிஞ்சது. ஒரு ஒர்க்‌ஷாப்புல அதுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரையே மாத்தச் சொல்லிட்டாங்க. மனசு கேக்கல.

மார்த்தாண்டத்துல தெரிஞ்ச எலக்ட்ரீசியன் அண்ணன்ட்ட கொண்டுபோனேன். வண்டியோட ஃபால்ட் கோடு (பழுதுக் குறியீடு) படிச்சாரு, உயரத்த அளக்குற இடது பின் ஹைட் சென்சார்ல கோளாறுன்னு காட்டுச்சு. "சாக்கெட்ட கழத்திப் பாத்தா கரண்ட் ஓடாது, அதனால 5 வோல்ட் சரியாதான் காட்டும். மாட்டினபடியே பின்பக்கமா மீட்டர் ஊசி விட்டுப் பாரும்"னாரு. மீட்டர்ல 3 வோல்ட்டுதான்! எர்த் பின் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்துது. உப்புக்காத்து வேல. சுரண்டி சுத்தம் பண்ணி, புது டெர்மினல் போட்டதும் 5 வந்துட்டு. வண்டி மெல்ல எந்திரிச்சு நின்னப்போ அப்படியொரு நிம்மதி.

கடலோரத்துக்காரங்க பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தப் பாத்துருங்க மக்களே.