கடைக்குட்டிக்கு ஒண்ணாங்கிளாஸ்

ஜூன்ல சின்னவ ஒண்ணாங்கிளாஸ் போறா. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியிலயே சேர்த்தாச்சு. எனக்குப் பனியன் கம்பெனியில எட்டரைக்கு ஷிப்ட். அதனால ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் எங்க பயிற்சி எல்லாம். டிபன் டப்பாவை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு மூடியைத் திறக்குறா. சட்டையில மேல் பட்டன் மட்டும் இன்னும் மாட்ட வரல. எழுத்தெல்லாம் டீச்சர் பார்த்துக்குவாங்க. "மிஸ், ஒண்ணுக்குப் போகணும்"னு கூச்சப்படாம கேட்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.

2022ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் எனக்குப் பெரிய தைரியம். பெரியவன் சேர்ந்தப்ப இது கிடையாது, பாதி நாள் டீயும் பன்னும்தான். இவளுக்குச் சூடா பொங்கலும் கிச்சடியும் கிடைக்கும்.

முதல் நாளைக்கு லீவு கேட்டேன். சூப்பர்வைசர் அண்ணன் உடனே சரின்னுட்டாங்க.