டிசம்பர் லீவுக்கு நாயையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு

மூன்றாம் தவணை முடிந்து பாடசாலை பூட்டியதும் கொழும்பில் வேலை செய்கிற குடும்பங்கள் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா, பதுளை என்று மூட்டை கட்டத் தொடங்கும். நத்தாருக்குப் போய் தைப்பொங்கல் முடித்துத் திரும்புகிறவர்களும் உண்டு. இப்போதெல்லாம் அந்தப் பயணத்தில் ஒரு பொமரேனியனோ டக்ஷண்டோ சின்னக் கலப்புக் குட்டியோ மடியில் உட்கார்ந்து வருகிறது. ஊருக்குப் போனதும் அது செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும், கோலமாவை நக்கும், அம்மாயியின் வெற்றிலைத் தட்டைக் கவிழ்க்கும், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தும். சேட்டை என்று எல்லாரும் சிரிக்கிறோம். அந்தச் சேட்டையில் பாதி, குளிரும் சலிப்பும் பழக்கம் மாறியதும்தான். மிச்சம், அதற்கு எட்டுகிற உயரத்தில் நாம் வைத்துவிட்ட சாமான்கள். இரண்டையும் வீட்டுக்காரர்கள் சேர்ந்து சரிசெய்யலாம்.

முதலில் பயணம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு ஏறும் ஏ7 பாதையும், பேராதனையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதையும் வளைவுக்குப் பேர்போனவை. வயிறு நிறையச் சாப்பிட்ட நாய் பாதி மலை ஏறுமுன்பே வாந்தி எடுக்கும். புறப்பட மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு முன் அரை வயிற்றுக்குச் சாப்பாடு போதும், பிறகு தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. எச்சில் ஒழுகுவது, உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, ஓயாமல் கொட்டாவி விடுவது எல்லாம் வாந்தி வரப்போவதன் அடையாளம். வண்டியை ஓரம்கட்டிப் பத்து நிமிடம் நடத்துங்கள். ஆனால் கயிற்றைப் பூட்டிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். பஸ்ஸில் பெரும்பாலும் நாயை ஏற்ற விடமாட்டார்கள். வேன் பேசுவதென்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கிவிடும், அட்டன் மஸ்கெலியா பக்கம் வாகனத்துக்கு அப்போது கிராக்கி அதிகம். புறப்படுமுன் விசர்நாய்க்கடித் தடுப்பூசி அந்த வருடத்துக்குப் போட்டிருக்கிறதா என்று பார்த்து, ஊசிப் புத்தகத்தையும் பையில் வையுங்கள்.

அடுத்தது குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுகிற நாட்களும் வரும். கொழும்புப் புழுக்கத்தில் வளர்ந்த ஐந்து கிலோ நாய்க்கு இது பெரிய மாற்றம். உடம்பு சிறியதானால் எடைக்கு ஒப்பிட்டுத் தோல் பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். பொமரேனியன் மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பயணத்துக்கு முன் “அழகாக இருக்கட்டும்” என்று முடியை ஒட்ட வெட்டாதீர்கள். கட்டை முடி உள்ளவை, குட்டிகள், வயதானவை மூன்றுக்கும் சட்டை வேண்டும்.

அந்தச் சட்டையைக் கடையில் தேட வேண்டியதில்லை. பெரியவர்கள் போட்டுக் கழித்த சுவெட்டர் கை ஒன்று போதும். மணிக்கட்டு விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் அளவில் கையை வெட்டி எடுங்கள். இறுக்கமான மணிக்கட்டுப் பட்டி நாயின் கழுத்துக்கு வரும், அகலமான பக்கம் இடுப்புக்கு. கைத் தையல் ஓடுகிற பக்கத்தை வயிற்றுப் பக்கமாக வைத்து, பட்டி விளிம்பிலிருந்து 7 சென்ரிமீற்றர் கீழே, தையலின் இரண்டு பக்கமும் முன்கால்களுக்காக ஒவ்வொரு கீறல் போடுங்கள். கீறல் 4 சென்ரிமீற்றர் இருந்தால் போதும், கம்பளி இழுபட்டுக் கொடுக்கும். வெட்டின ஓரம் எல்லாவற்றையும் பொத்தான் ஓட்டைக்குத் தைக்கிற மாதிரிச் சுற்றித் தைக்காவிட்டால் ஒரே நாளில் நூல் பிரிந்து நாயின் விரலில் சுற்றிக்கொள்ளும். ஆண் நாய் என்றால் வயிற்றுப் பக்கத்தில் 8 சென்ரிமீற்றர் குறைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மூத்திரத்தில் நனையும். நனைந்த கம்பளி சட்டையே இல்லாததைவிட மோசம். ஈரமானதும் கழற்றிவிட வேண்டும், அதனால் இரண்டாகத் தைத்துக்கொள்வது நல்லது. போட்ட பிறகு கழுத்துக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள்.

தோட்டத்து லய வீடுகளின் சீமெந்துத் தரை இரவில் ஐஸ் போலக் குளிரும். தக்காளிப் பெட்டி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, மேலே ஒரு பழைய கம்பளி விரித்தால் நல்ல படுக்கை. ஒரு லீற்றர் போத்தலில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் நிரப்பித் துவாய் சுற்றி ஓரத்தில் வைக்கலாம். படுக்கை ஒழுங்காக இல்லாவிட்டால் நாய் தானே இடம் தேடும், அது தேடிப் போகிற இடம் அடுப்பு. அணைந்த அடுப்பின் வெதுவெதுப்பான சாம்பலுக்குள் சுருண்டு படுத்து, உள்ளே கிடந்த தணலில் வயிறு வெந்து போகும். இரவில் அடுப்பு வாயை ஒரு தகரத்தால் மறைத்துவிடுங்கள். அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் கதவை அடைத்துப் படுப்பது வேண்டவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, நாய்க்கு மட்டுமல்ல, படுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் அது ஆபத்து.

நாய் நடுங்குகிறது என்று பனடோல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஐந்து கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று ஆகிறது, ஈரலைப் பாதிக்கிற அளவு அது. தைலம் பூசுவதும் கூடாது, பூசினதை நக்கித் தின்றுவிடும். சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 37க்குக் கீழே இறங்கி நாய் மந்தமாகக் கிடந்தால் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வைத்தியரை அழையுங்கள். குளிப்பாட்டத்தான் வேண்டுமென்றால் வெயில் ஏறிய பிறகு, வெந்நீரில். பீலித் தண்ணீரில் வேண்டாம்.

வந்த முதல் நாளே கட்டிலுக்கடியில் மூத்திரம் போவது பிடிவாதம் இல்லை. பனி ஈரம் நிறைந்த புல்லில் கால் வைக்க அதற்குப் பிடிக்கவில்லை. தாவாரத்துக்குக் கீழே மழை படாத ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, விழித்ததும், சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்தில், படுக்கப் போகுமுன் என்று அதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே அசிங்கம் பண்ணினதற்கு அடித்தால் அடுத்த முறை ஒளித்துப் பண்ணும், அவ்வளவுதான் நடக்கும்.

உண்மையில் பெரிய ஆபத்து சாப்பாட்டில்தான் இருக்கிறது, ஏனென்றால் அது அன்போடு வருகிறது. ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி போதும். எண்ணெயில் பொரித்த நடுத்தர முறுக்கு ஒன்றே 100 கலோரி வரும். தாத்தா ஒன்று, சித்தி ஒன்று, பிள்ளைகள் ஆளுக்குப் பாதி என்று போனால் மத்தியானத்துக்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும், இரவில் வயிற்றுப்போக்கு. எண்ணெய்ப் பலகாரம் அதிகமானால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு நான் நம்புகிற வழி ஒன்றே: காலையில் அன்றைய தீனியை, உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சித் துண்டு ஒரு கைப்பிடியோடு சேர்த்து, ஒரு டின்னில் போட்டு மேசையில் வைத்துவிடுவது. யார் கொடுப்பதானாலும் அந்த டின்னிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டின் காலியானால் அன்றைக்குக் கொடுத்து முடிந்தது. “கொடுக்காதீர்கள்” என்று அப்பாயியிடம் சொன்னால் மனம் நோகும், “இதிலிருந்து கொடுங்கள்” என்றால் சந்தோசமாகக் கொடுப்பார்.

விசமாகிற சாமான்களை வீட்டில் எல்லாருக்கும் தெரிய வையுங்கள். நத்தார் கேக்கிலும், சர்க்கரைப் பொங்கலிலும், பாயாசத்திலும் போடுகிற உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த அளவு பாதுகாப்பானது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒரு நாய் தாங்கியதை இன்னொன்று தாங்காது. திராட்சையிலுள்ள தார்த்தாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு, ஆகவே புளி கரைத்து வைத்த கிண்ணத்தையும் தரையில் வைக்காதீர்கள். வெங்காயம், உள்ளி இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நம் பக்கத்தில் இதோடு லீக்ஸையும் சேர்க்க வேண்டும், அதுவும் வெங்காயக் குடும்பம்தான். சமைத்தாலும் விசம் போகாது, அறிகுறி சில நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளிறும், மூத்திரம் தேத்தண்ணி நிறமாகும். சொக்லேட்டில் கறுப்பு ரகம் மோசம். ஐந்து கிலோ நாய்க்குப் பால் சொக்லேட் 50 கிராமே வாந்தி, படபடப்பு உண்டாக்கப் போதும், கறுப்பு ரகத்தில் 20 கிராம். அவித்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

வெற்றிலைத் தட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாக்கிலுள்ள அரெக்கோலின் முன்பு நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகவே கொடுக்கப்பட்டது, அளவு மிஞ்சினால் எச்சில் கொட்டும், வாந்தி, பேதி, மூச்சுத் திணறல் வரும். பக்கத்திலேயே புகையிலை வேறு இருக்கும், அதன் நிக்கொட்டினும் வேகமாகத் தாக்கும். தட்டு மேசைக்கு மேலேயே இருக்கட்டும், துப்புகிற படிக்கத்துக்கு மூடி போடுங்கள். எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே விசமாகும். தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு மிருக வைத்தியரை அழையுங்கள். பக்கத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலக நம்பரையும், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை நம்பரையும் போய்ச் சேர்ந்த அன்றே குறித்து வைத்தால் இரவில் அலைய வேண்டியிராது.

கடிக்கிற ஆசைக்கு ஒரு நல்ல தீர்வு நம்மூரிலேயே விளைகிறது. தடித்த கரட் ஒன்றைத் தோல் சீவி முழுசாகக் கொடுங்கள், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், சின்னத் துண்டானதும் எடுத்துவிட வேண்டும். இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், கழற்றிப் போட்ட செருப்புகளை ஒரு மூடிப் பெட்டிக்குள் தள்ளுங்கள். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பின்னால் ஓடாதீர்கள், ஓடினால் அதற்கு விளையாட்டு. கோழித் துண்டைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்யுங்கள், இரண்டு நாளில் தானே கொண்டுவந்து போடும்.

ஊர் வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால் இரண்டையும் முதலில் ரோட்டில் கயிற்றோடு பக்கம் பக்கமாக நடத்திவிட்டுப் பிறகு வீட்டுக்குள் எடுங்கள், சாப்பாடு தனித்தனி மூலையில். பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போதும்: நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. கடித்துவிட்டால், வீட்டு நாயே என்றாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம்.

வெளியே போவதென்றால் ஒன்றரை மீற்றர் கயிற்றோடு, ரோட்டில் மட்டும். தேயிலைக்குள் அவிழ்த்து விட்டால் பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்குகள் காட்டோரத்து மலைகளில் கிடக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படி ஒரு சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை காப்பாற்றியும் பிழைக்கவில்லை. சிறுத்தைகள் தோட்ட ஓரத்து ஓடை வழியே இரவில் நடமாடுவது மலையகத்தில் புதிதல்ல, கட்டிப் போட்ட நாய் அவற்றுக்குச் சுலபமான இரை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை நாய் கதவுக்கு உள்ளே. இஸ்தோப்பில் கட்டினால் போதாது.

மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். விரலிடுக்கு, காது மடல், உதட்டோரம் பாருங்கள். பிய்த்து இழுக்காமல் உப்புத் தூளையோ தேசிக்காய்ச் சாற்றையோ தொட்டு வைத்தால் விட்டுவிடும். ஓடைத் தண்ணீர் குடித்த நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்து தும்மிக்கொண்டே இருந்தால் உள்ளே அட்டை இருக்கலாம், அது வைத்தியர் எடுக்க வேண்டியது.

31ஆம் திகதி இரவும் பொங்கல் விடியலும் வெடிச் சத்தம். பொழுதோடு நடத்திக் கூட்டிவந்து, சன்னலை மூடி, ரேடியோவைப் போட்டு, ஒரு ஆள் அதனோடு இருங்கள். கழுத்துப்பட்டியில் தொலைபேசி நம்பரை அழியாத மையால் எழுதுங்கள். பயந்து ஓடின நாய் பள்ளத்தை நோக்கியும் பாயக்கூடும்.

திரும்பி வந்ததும் காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி தேடி எடுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் சாப்பாட்டை ஒதுக்கி, காய்ச்சலோடு சோர்ந்து, மூத்திரம் கடும் நிறமாகப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலைநாட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.