அக்கி ஆறிய பிறகு வந்த நோவு

அக்கி வந்தவருக்குக் கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டால் வருத்தம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்குப் பெரிய பாடு தொடங்கியதே அதற்குப் பிறகுதான். தோல் ஆறி, மங்கலாகத் தழும்பு மட்டும் தெரிகிற இடத்தில் சேலை பட்டாலே உயிர் போகும். இப்படி ஒரு நோவு உண்டு, அதற்கென்று தனி மருந்தும் உண்டு என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் சில மாதங்களாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்குக் கிடைக்காத அந்தத் தகவல் வேறு யாருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். மட்டக்களப்பு டவுனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐம்பது வயது தாண்டிவிட்டது, கொஞ்சம் சீனி வருத்தமும் இருக்கிறது.

தொடக்கத்தில் கொப்புளம் ஒன்றும் இல்லை. இடது விலாவோடு ஒரு எரிவு, இடைக்கிடை சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். இடது பக்கம் என்றதும் என் கணவர் பயந்துபோய் இரவோடு இரவாக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். இருதயத்தில் ஒன்றும் இல்லை, வாய்வாக இருக்கலாம் என்று குளிசை தந்து அனுப்பினார்கள். அவர்களில் குறை இல்லை. கொப்புளம் போடுவதற்குச் சில நாட்கள் முன்பே நோவு தொடங்குவது இந்த வருத்தத்தின் இயல்பு. அந்த நேரத்தில் எந்த டொக்டருக்கும் கண்ணால் பார்க்க ஒன்றும் இருக்காது.

பிறகு ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தபோது மகள்தான் முதுகைக் கண்டாள். சிவந்த திட்டு, அதன் மேல் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். முள்ளந்தண்டில் தொடங்கி, கமக்கட்டுக்குக் கீழால் வளைந்து, மார்புக்குக் கீழே நடுவில் வந்து நின்றிருந்தது. வலது பக்கத்தில் பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

பக்கத்து வீட்டு மாமி பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். “இது அக்கி புள்ள. சுத்தி வந்து ரெண்டு பக்கமும் முட்டினா ஆள் தப்பாது. உடன மந்திரிச்சுப் பார்வை பார்க்கணும்.”

அந்தச் சொல்லோடு வீடே கலங்கிப்போனது. மகள் அழத் தொடங்கிவிட்டாள், அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அன்றைக்கே ஓபிடிக்குப் போனோம். நான் டொக்டரிடம் முதலில் கேட்டதே இந்த முட்டுகிற கதையைத்தான். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். முள்ளந்தண்டிலிருந்து புறப்படும் நரம்பு ஒவ்வொன்றும் உடம்பின் ஒரு பாதிக்கு மட்டும் உரியது. நடுக்கோட்டோடு அதன் எல்லை முடிகிறது. அக்கி ஒரு நரம்பின் வழியாக இறங்கி வருவதால் அதுவும் நடுக்கோட்டில் நின்றுவிடும். முட்டினால் ஆள் போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் மகள் முகத்தைத் துடைத்தாள்.

சின்ன வயதில் எனக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தது நினைவிருக்கிறது. அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலையில் படுக்கவைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரில் வார்த்தார்கள். அந்தக் கிருமி அன்றைக்கு உடம்பை விட்டுப் போகவில்லை, முள்ளந்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் இத்தனை வருடமும் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. வயது ஏறும்போது, அல்லது வேறு வருத்தத்தாலோ மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது அது திரும்ப எழும்புகிறது. அக்கி இன்னொருவரிடமிருந்து தொற்றி வருவதில்லை. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், கொப்புளிப்பான் வராத ஆளுக்குக் கொப்புளிப்பான் வரலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆபத்து. அதனால்தான் டொக்டர் மகளைப் பார்த்து, “உங்களுக்குக் கொப்புளிப்பான் வந்ததா?” என்று முதலில் கேட்டார். எட்டாம் ஆண்டில் வந்தது என்றதும், அப்படியென்றால் பயமில்லை என்றார். ஆனாலும் பொருக்கு காயும் வரை கொப்புளங்களைத் துணியால் மூடி வைத்தேன், என் துவாயை யாரும் தொடவில்லை.

மருந்து அசிக்ளோவிர். 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 தடவை, 7 நாட்கள். கொப்புளம் போட்டு 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் இதன் பலன் நன்றாக இருக்கும். இந்த மருந்து பிறந்த ஆய்வுகளுக்குப் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அவருடைய மருந்து என் கைக்கே வரும் என்று நினைக்கவில்லை. நேரம் தவறாமல் விழுங்கினேன், தண்ணீர் நிறையக் குடித்தேன். கொப்புளம் சீக்கிரம் காய்ந்தது. நாட்டு வைத்தியம் செய்கிற பரிசாரியாரிடம் போகச் சொன்னவர்களும் உண்டு. மனத் தைரியத்துக்குப் பார்வை பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகாக இருக்கட்டும். கொப்புளத்தில் காவியோ பச்சிலையோ பூசினால் புண் சீழ் பிடிக்கலாம். இன்னொன்று: நெற்றியில், கண்ணைச் சுற்றி, மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பார்வையே போகலாம்.

சரி, இனி நோவுக்கு வருகிறேன்.

குளிசையைச் சரியான நேரத்தில் தொடங்கினால் பின்னால் நோவு வராது என்று பலர் நம்புகிறார்கள். கொப்புளமும் அந்த நேரத்து வேதனையும் குறையும், அது உண்மை. நோவு தங்காது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. எனக்குத் தங்கிவிட்டது. பொருக்கு உதிர்ந்து பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாளே தெரிந்தது. சேலையைக் கொசுவிச் செருகி முந்தானையைத் தோளில் போட்டபோது, அந்தத் துணி விலாவில் உரசியது, கொதிநீர் பட்ட புண்ணைத் துணியால் தேய்த்தது போல. ஸ்கூட்டியில் கல்லடிப் பாலத்தில் ஏறினால் வாவிக் காற்று சேலையை விலாவோடு அடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தைக் கடப்பேன். இரவில் பேன் காற்று பட்டாலும் நோகும், பேனை நிறுத்தினால் புழுக்கத்தில் வியர்வை பட்டு எரியும். வைகாசி வெக்கையில் எங்களூரில் பேன் இல்லாமல் படுப்பது எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சேலையை விலக்கிக் காட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. “ஆறிட்டுதே டீச்சர்” என்பார்கள். காசு கொடுத்துக் காட்டிய ஓர் இடத்தில், தோல் நன்றாக இருக்கிறது, இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான், மனதைப் போட்டு உழப்பாதீர்கள் என்று சொல்லி விற்றமின் எழுதித் தந்தார் ஒரு டொக்டர். வெளியில் வந்து வாங்கில் இருந்து அழுதேன். நோவைவிட, இவள் சும்மா சொல்கிறாள் என்ற அந்தப் பார்வைதான் என்னை உடைத்தது. இதே நிலையில் இருக்கிற யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து கேளுங்கள்: உங்கள் நோவு பொய் இல்லை. தோல் ஆறிவிட்டது, உள்ளே நரம்பு ஆறவில்லை. காயப்பட்ட நரம்பு, துணி தொடுவதைக்கூட மூளைக்கு நோவாகவே சொல்லி அனுப்புகிறது.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர்தான் இதைக் கண்டுபிடித்தார். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து வலது விலாவில் மெல்ல இழுத்தார், ஒன்றும் இல்லை. இடது விலாவில் இழுத்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். பிறகு அதே இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஆச்சரியம், அது அவ்வளவாக நோகவில்லை. “டீச்சர், இது நரம்பு நோவு. பனடோலுக்கும் புரூபனுக்கும் பெரிசாக் கேக்காது” என்றார். அக்கிக்குப் பிறகு 3 மாதம் தாண்டியும் நிற்கிற நோவுக்குப் போஸ்ட் ஹெர்பெட்டிக் நியூரால்ஜியா என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். வயது கூடக்கூட இது தங்குகிற வாய்ப்பும் கூடும் என்றும், தொடக்கத்தில் நோவும் கொப்புளமும் கடுமையாக இருந்தவர்களுக்கு இன்னும் கூடும் என்றும் சொன்னார். கொப்பியில் அந்தப் பெயரைக் கண்டதே எனக்குப் பாதிச் சுகம்.

முதலில் தந்தது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. பாமசியில் நின்ற தெரிந்த ஒருவர் சிட்டையைப் பார்த்துவிட்டு, இது மனநோய்க்குக் கொடுக்கிற குளிசை என்றார். அந்தக் கதை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. மனச்சோர்வுக்கும் அந்த மருந்தைக் கொடுப்பார்கள்தான், ஆனால் அதற்கு அளவு மிகக் கூட. சின்ன அளவில் கொடுப்பது நரம்பின் தூண்டுதலை அமர்த்துவதற்கு. மனநோய்க்கென்றே கொடுத்தாலும் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது வேறு விடயம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து குளிசையை எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

பலன் உடனே தெரியாது, சில கிழமை பொறுக்க வேண்டும். பக்கவிளைவுதான் முதலில் வரும். எனக்கு வாய் வறண்டது. பாடம் நடுவில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மேசையில் தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொண்டேன். காலையில் தலை எழும்பாது. படுக்கப்போகும்போது விழுங்குவதை விட்டு இரவு 8 மணிக்கே விழுங்கச் சொன்னார்கள், அது உதவியது. இருதய வருத்தம், கண் அழுத்தம், சலம் போவதில் கஷ்டம் உள்ளவர்கள் இந்த மருந்துக்கு முன் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அது மட்டும் போதவில்லை, பிறகு பிரகபலின் என்ற இன்னொரு நரம்பு நோவு மருந்தும் சேர்த்தார்கள். சீனி வருத்தம் என்பதால் சிறுநீரகம் எப்படி என்று இரத்தம் சோதித்துத்தான் தொடங்கினார்கள். இரவில் 75 மில்லிகிராம், அப்புறம் காலையிலும் ஒன்று. தொடக்கத்தில் தலை சுற்றியது, அந்த நாட்களில் ஸ்கூட்டியைத் தொடாமல் பஸ்ஸில் போனேன். கால் கொஞ்சம் வீங்கியது. இந்த மருந்தை நோவு குறைந்தது என்று சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கிளினிக்கில் எனக்கு மிக உதவியது என் வாத்தியார் பழக்கம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் காலையும் இரவும் நோவுக்கு 10க்கு எத்தனை என்று புள்ளி போட்டு வந்தேன். எரிவா, குத்தா, துணி பட்ட நோவா என்று பக்கத்தில் ஒரு சொல். சனம் நிறைந்த கிளினிக்கில் டொக்டருக்குக் கதை கேட்க நேரம் இல்லை. அந்தப் பக்கத்தை நீட்டினால் மருந்தின் அளவைக் கூட்டுவதா விடுவதா என்று உடனே முடிவெடுப்பார்.

வீட்டில் நானே பழகிக்கொண்ட ஒன்றும் உண்டு. மெல்லிய உரசல்தான் நோகும், ஒரே சீராக அழுத்தினால் நோகாது என்று பஞ்சுச் சோதனையில் தெரிந்ததே, அதை வைத்து இவருடைய பழைய பருத்திச் சாரனை அகலமாகக் கிழித்து, நெஞ்சைச் சுற்றி வழுகாத அளவுக்கு இறுக்கிக் கட்டினேன். அதன் மேல் சட்டையும் சேலையும். துணி அசையாததால் உரசல் இல்லை. பல தடவை தோய்த்து நைந்த பருத்திதான் சரி, நைலோன் கலந்தது ஆகாது. நோவு கூடிய இரவுகளில் ஈரத்துணியை மடித்து வைப்பேன்; சிலருக்குக் குளிர் பட்டால் நோவு கூடுமாம், பார்த்துச் செய்யுங்கள்.

வைகாசியில் எங்கள் ஊர் கண்ணகி அம்மன் சடங்குக்கு, நோவோடுதான் போனேன். அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி பாடும்போது கூட்டம் நெருக்கும் என்று மகளும் மாமியும் எனக்கு இடமும் வலமும் கையைக் கோத்து நின்றார்கள். மாமி அன்றைக்கு என் இடது பக்கத்தில் ஒரு ஆளையும் முட்டவிடவில்லை.

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்பது 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 ஊசி. ஒரு தடவை அக்கி வந்தவர்களும் போடலாம், திரும்ப வராது என்றில்லை. வயதானவர்கள், சீனி வருத்தக்காரர் உங்கள் வீட்டில் இருந்தால் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நானும் இவருக்காகக் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. 8, 9 என்று போட்ட புள்ளி பெரும்பாலான நாட்களில் 2க்கும் 3க்கும் வந்திருக்கிறது. காலைப் பிரகபலினை நிறுத்தியாயிற்று, இரவுக் குளிசைகள் இரண்டும் தொடர்கின்றன. மழை நாட்களில் கொஞ்சம் கூடும். அடுத்த கிளினிக்கில் இரவுப் பிரகபலினையும் குறைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அமிட்ரிப்டிலின் அதற்குப் பிறகுதான்.