24 லீற்றர் ஸ்பீக்கர் பெட்டி: நுவரெலியா நாட்குறிப்பு

ஜூன் 9
ஸ்பீக்கர் பெட்டி செய்ய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) கேட்டால் சிப்போர்டைக் (மரச்சீவல் ஒட்டிய பலகை) கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு துண்டின் ஓரத்தை நனைத்து வெளியே வைத்திருக்கிறேன்.

ஜூன் 10
18 மி.மீ. ஓரம் 20 ஆகிவிட்டது. தேத்தண்ணீரில் போட்ட ரஸ்க். இந்த மாதத்து ஈரத்துக்கு மெரீன் பிளைவுட்தான், வேறு பேச்சில்லை.

ஜூன் 12
தகரத்தில் மழை. எதையும் கேட்டுப் பார்க்க முடியாது, கணக்குத்தான் போடலாம்.

8 அங்குல ஊஃபரின் (தாழ்ந்த சத்தத்துக்கான ஸ்பீக்கர்) தாளில் எஃப்.எஸ். (தானாக அதிரும் இடம்) 34 ஹேர்ட்ஸ், கியூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற எண்) 0.45, வாஸ் (கூம்பின் தொங்கலுக்குச் சமமான ஸ்பிரிங்காக நிற்கும் காற்றின் அளவு) 45 லீற்றர். கொழும்பில் என்றால் 30 லீற்றர் மூடிய பெட்டி, பெட்டியோடு சேர்ந்த கியூ 0.71 வரும். ஆனால் இங்கே 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் ஐந்தில் நாலு பங்குதான். பெட்டிக்குள் ஸ்பிரிங்காக நிற்பதே காற்று. அது தளர்ந்தால் 45 என்பது 36 ஆகிவிடும். அதே 0.71 வேண்டுமானால் 24 லீற்றர் போதும். ஒலியின் வேகத்தை உயரம் தொடாது, குளிர்தான் தொடும்: 15 பாகையில் செக்கனுக்கு 340 மீற்றர்.

உள்ளளவு 21.4 × 44 × 27 செ.மீ. கணக்கில் 25.4 வரும், காந்தமும் குறுக்குக்கட்டையும் ஒன்றரை லீற்றரைத் தின்னும்.

ஜூன் 13
பிளைவுட் வந்தது. ஓரம் 18.0.

ஜூன் 15
கிராஸ்ஓவரை (தாழ்ந்த சத்தத்தை ஊஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரிக்கும் சுற்று) 2,500 ஹேர்ட்ஸில் வைக்கத்தான் எல்லாரும் சொல்வார்கள். அங்கே அலைநீளம் 13.6 செ.மீ. ஊஃபரையும் ட்வீட்டரையும் விளிம்போடு விளிம்பு ஒட்டினாலும் மையங்களுக்கு நடுவே 16 செ.மீ. இருக்கும். எழுந்து நின்றால் ஒரு சத்தம், உட்கார்ந்தால் இன்னொன்று. 2,000இல் அலைநீளம் 17. ட்வீட்டரின் எஃப்.எஸ். 900, இரண்டு மடங்குக்கு மேலே நிற்கிறது, தாங்கும். ஊஃபரும் அதற்கு மேல் பக்கவாட்டில் பரப்பாது, முன்னால் மட்டும்தான் கத்தும்.

2,000, இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி (ஒரு வகைக் கிராஸ்ஓவர்). கொயில் 1.27 மில்லிஹென்றி, கண்டென்சர் 5 மைக்ரோஃபரட், ஊஃபர் பக்கம், ட்வீட்டர் பக்கம் இரண்டுக்கும்.

ஜூன் 17
மோட்டார் சுற்றும் கடையில் 1.2 மி.மீ. எனாமல் கம்பி. ஒன்றேகால் அங்குல உருளை, ஒரு அங்குல அகலம், 200 சுற்று. கொயிலுக்கு 28 மீற்றர் போகிறது, தடை 0.4 ஓம். நாலாவது அடுக்கில் கை நழுவி ஒரு சுற்று கீழே புதைந்தது; மேலே வந்ததெல்லாம் கோணல். பிரித்துச் சுற்றினேன்.

ஜூன் 18
கரண்ட் இல்லை.

ஜூன் 20
5 மைக்ரோஃபரட் நொன்-போலார் (பிளஸ்-மைனஸ் இல்லாத) கண்டென்சர் கிடைக்கவில்லை. 10 இரண்டை நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்துப் பற்றவைத்தால் 5. மீற்றரில் 5.4, பரவாயில்லை.

ஊஃபருக்குக் குறுக்கே 7.5 ஓமும் 10 மைக்ரோஃபரட்டும் தொடராக. இது இல்லாவிட்டால் மேலே போகப் போக ஊஃபரின் தடை ஏறும். 8 ஓம் என்று போட்ட கணக்கெல்லாம் பொய். கொயில்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, நாலு அங்குலம் தள்ளி.

ட்வீட்டரின் பிளஸ்-மைனஸை மாற்றிக் கொடுக்கவேண்டும். நேராகக் கொடுத்துப் பார்த்தேன்: 2,000இல் பள்ளம், பாடகியின் குரல் சுவருக்கு அப்பால் போய்விட்டது. அப்படிப் பள்ளம் விழுவது நல்ல அடையாளம்: மாற்றிக் கொடுத்தால் இரண்டும் அங்கே சரியாகச் சேரும்.

ஜூன் 22
தப்பு மேளத்தின் சத்தத்தில் வயிறே இல்லை. கிராஸ்ஓவரை மூன்று முறை அவிழ்த்துப் பார்த்தாயிற்று.

ஜூன் 23
கிராஸ்ஓவர் அல்ல. ஊஃபரின் நடுவிலிருந்து பின்சுவர் 60 செ.மீ., பக்கச்சுவர் 60, தரை 60. மூன்றிலும் பட்டுத் திரும்பும் சத்தம் நேர்ச் சத்தத்தைத் தின்று, ஒரே இடத்தில், 142 ஹேர்ட்ஸில் குழி தோண்டியிருக்கிறது. அளவுநாடாவை முதலிலேயே எடுத்திருக்கவேண்டும்.

பெட்டியைச் சுவரோடு தள்ளினேன், பின்சுவர் 34: குழி 250க்கு ஏறிவிட்டது. பக்கச்சுவர் 85, அது 100இல். தரை அப்படியே. இப்போது மூன்றும் வேறு வேறு இடம், எதுவும் ஆழமில்லை. ட்வீட்டர்தான் கொஞ்சம் மிஞ்சுகிறது, தொடரில் 2.2 ஓம், குறுக்கே 20 ஓம், 3 டெசிபல் இறங்கும்.

ஜூன் 24
மழை. ஓரம் 18.1.