கேஸ் எந்த ஊரில் போடுவது?

பொள்ளாச்சிக்குப் பெண் கொடுத்த வீடுகள் கேரள எல்லையிலிருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் நிறைய. பிரிந்து வந்த பெண்கள் முதலில் கேட்பது, “அக்கா, விவாகரத்து கேஸை அங்கேதான் போடணுமா?”

வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் வந்த திருத்தப்படி, மனைவி தான் குடியிருக்கும் ஊருக்கான கோர்ட்டிலேயே மனு போடலாம். ரேஷன் கார்டில் பெயர் இன்னும் புகுந்த வீட்டில்தான் இருக்கிறது என்று தயங்குவார்கள். குடியிருப்பதுதான் கணக்கு.

கணவர் முந்திக்கொண்டு தமிழ்நாட்டில் போட்டுவிட்டால்தான் தலைவலி. மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே பஸ்ஸில் போகிற தூரத்துக்கு டெல்லி!

பரஸ்பர சம்மதம் என்றால், ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. அதைக் கோர்ட் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும்.