கூட்டுத்தொகை போடாத பக்கங்கள்

முதலாளி ஐயாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும், நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ அண்ணா என்று அவருடைய பேத்தி கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். பிறந்த ஊர், கோயில் தொண்டு, மக்கள், மருமக்கள் எல்லாம் அதில் வந்துவிட்டன. கடைக்கு நாலு வரிதான் மிஞ்சியது. எனக்கோ அவரைக் கடையில்தான் தெரியும்.

திருகோணமலை மத்திய வீதியில் மீன்பிடிச் சாமான் கடை. நைலோன் வலை, கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, தூண்டில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தேன். 2002 போர்நிறுத்தத்துக்கு நாலு வருடம் முந்திய காலம். கடலுக்குப் போக பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடு இருந்தது, இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. போதாததற்கு வாடைக்காற்று. கார்த்திகையில் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் மாசி, பங்குனி அளவில்தான் படியும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து கரையில் வாடி என்கிற தற்காலிகக் குடில் போடுவதும் அதற்குப் பிறகுதான்.

கடல் மூடிய மாதங்களில்தான் வலை பொத்துவார்கள், புது வலை கட்டுவார்கள். அதாவது வாங்குகிறவன் கையில் காசில்லாத காலத்தில்தான் எங்களுக்கு வியாபாரம். எனக்கு அது விளங்கவில்லை. முதல் வாடையிலேயே நிலுவையைக் கூட்டிப் பார்த்துப் பயந்துபோய், "ஐயா, இனிக் கடன் குடுக்கேலாது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கடன் கொப்பியை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. 'வாடை. ஐந்து நாள் தொழில் இல்லை.' 'பாஸ் கிடைக்கவில்லை.' 'இயந்திரம் பழுது.'

"காசை மட்டும் பாத்தா இவன் கடன்காரன் தம்பி. பக்கத்தில இருக்கிறதையும் வாசி."

அதன் பிறகு நானும் அப்படியே எழுதப் பழகினேன். கணக்கியல் பாடத்தில் இல்லாத அந்தப் பென்சில் வரிதான் எங்கள் கடையைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். யாரிடம் எந்த மாதம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வருவாள். ஈயக்குண்டுகளை மேசையில் அடுக்கித்தான் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் அவள் வலைப்பொதி ஒன்றின் மேல் நித்திரையாகிவிட்டாள். மூதூரிலிருந்து வந்தவருக்கு அந்தப் பொதிதான் வேண்டும். "பிள்ளை எழும்பட்டும்" என்று அவருக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார். மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு போய்விடுமே என்று எனக்குத்தான் பதற்றம். அந்த மனிதர் சிரித்தபடி இருந்து குடித்தார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கடைக்குச் சுனாமித் தண்ணீர் வரவில்லை. ஆனால் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் எங்கள் கொப்பியில் இருக்கிற ஊர்கள். அவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்குப் புறப்பட்டார். பாலம் திறந்தது 2009இல்தான், அப்போது 'பாதை' என்கிற மிதவையில்தான் கடக்க வேண்டும். கொப்பியில் உள்ளவர்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருடைய எண்ணம். அங்கே ஒரு பெண் கொப்பியைக் கண்டதும் ஓவென்று கத்திவிட்டார். கடன் கேட்க வந்துவிட்டான் என்று நினைத்தால் யார்தான் கத்தமாட்டார்கள்? "பிழை விட்டிட்டன் தம்பி" என்று அன்று இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை ஒரு வெள்ளைத் தாளில் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போனோம்.

இல்லாமல் போனவர்களின் பக்கங்களுக்குக் குறுக்கே கோடு போடச் சிவப்புப் பேனையை எடுத்தேன். "வெட்டாதை. கூட்டவும் வேண்டாம்" என்றார். அந்தப் பக்கங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு பெடியன் வந்தான். வாப்பாவின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றான். இப்போது கடையைப் பார்ப்பது பேத்திதான், புதுக் கணக்கெல்லாம் கணினியில். இரும்பு அலுமாரியிலிருந்து பழைய கொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டான்.

பழக்கதோஷத்தில் என் விரல் தொகைகள் மேல் இறங்கத் தொடங்கியது. அவள் பக்கத்தின் மேல் கையை வைத்தாள். "அம்மப்பா கூட்டேல்லை அண்ணா."

அவன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பிக் கடைசி வரியின் பக்கத்தில் இருந்த பென்சில் எழுத்தை மெல்ல வாசித்தான். 'கார்த்திகை. வாடை. மகளுக்குக் காய்ச்சல்.'

"எண்ட தங்கச்சி" என்றான்.