வரும் மாதம் குமரி மாவட்டம்: ஐந்து நாவல்களுக்கு ஒரு வாசிப்புத் திட்டம்

ஆசிரியர் வாரியாகவோ விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டோ நாவல் படிப்பதை நிறுத்திவிட்டு, மாதத்துக்கு ஒரு வட்டாரம் என்று படித்துப் பார்க்கும் முயற்சியைத் தஞ்சையில் தொடங்கினேன். சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’, இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். கரும்பாலைக்காக ஒரு தோப்பு அழிவதும், கும்பகோணத்துத் தெருக்களில் ஓர் இளைஞன் சங்கீதத்துக்கும் காதலுக்கும் நடுவே அல்லாடுவதும், 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமை கதைக்குப் பின்னே நிற்பதும் ஒரே காவிரிப் பாசனத்தில்தான் என்பது, மூன்றையும் சேர்த்துப் படித்தபோதுதான் உறைத்தது. ‘மோகமுள்’ளைத் தனியாகப் படித்திருந்தால், அந்த வீடுகளுக்கு வந்து சேரும் நெல் யாருடைய உழைப்பில் விளைந்தது என்ற கேள்வி எனக்கு எழுந்திருக்காது. இப்படி ஒரு நாவலை இன்னொரு நாவலிடம் கேள்வி கேட்க வைக்கும் முறை பிடித்துப்போனதால், வரும் மாதத்துக்குக் குமரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குமரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அளவு. மாவட்டம் சிறியது, நாகர்கோவிலிலிருந்து இரணியலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் பேருந்தில் போய் அன்றைக்கே திரும்பி வந்துவிடலாம். அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனியாக ஒரு நாவல் இருப்பது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதற்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அம்மண்ணிலிருந்து மூன்று முக்கியமான நாவல்கள் வந்துவிட்டன: ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). இணைப்புக்கும் இந்த விளைச்சலுக்கும் தொடர்பு உண்டா என்பதை மாத இறுதியில்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு அதை ஓர் ஊகமாகக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். இம்மூன்றுடன் நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977), தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) ஆகிய இரண்டையும் சேர்த்தபோது பட்டியல் ஐந்தாகியது.

எதை விடுவது என்பதில்தான் அதிக நேரம் போயிற்று. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஆகிய இரண்டும் கடற்கரை நாவல்கள் என்பதால் முதலில் சேர்த்திருந்தேன். ஆனால் அவை கிழக்கே பழைய திருநெல்வேலிச் சீமையின் கரையைச் சேர்ந்தவை, திருவிதாங்கூர் ஆட்சியின் நிழல் படாதவை. அந்தக் கரைக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குவதே நியாயம். ஜெயமோகனின் ‘ரப்பர்’ (1990) அளவில் சிறியது, குமரியின் மலையடிவாரத்தில் நிலம் கைமாறிப் பயிர் மாறிய கதையைச் சொல்வது. ஆகவே அதைக் கைவிடாமல் உபரியாக வைத்திருக்கிறேன். ஆ. மாதவனின் ‘கிருஷ்ணப் பருந்து’ம் நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுர’மும் திருவனந்தபுரத்துக் கதைகள். அவற்றை இப்போது தொட்டால் எல்லை கலைந்துவிடும் என்பதால் அடுத்த சுற்றுக்கு ஒதுக்கினேன்.

பட்டியல் முடிவானதும் எந்த வரிசையில் படிப்பது என்ற சிக்கல் வந்தது. வெளியான ஆண்டு வரிசையே இயல்பானது என்று முதலில் தோன்றியது. ஆனால் வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவலில் வாசகனின் காதுதான் முதலில் பழக வேண்டும். காது பழகாமல் நடுவில் மாட்டிக்கொண்டால் மாதம் முழுவதும் வீணாகிவிடும். எனவே ஐந்து நூல்களிலும் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் கதைசொல்லியின் நடை பொதுத்தமிழுக்கு அருகில் இருக்கிறது, தாமோதர ஆசான் வாயைத் திறக்கும்போதுதான் ஊர் மொழி முழுசாக உள்ளே வருகிறது. முன்பே ஒருமுறை படித்த நூல் என்பதாலும் நுழைவாயிலாக அதை வைப்பது வசதி. ‘புத்தம் வீடு’ அளவில் சிறியது. பனங்காடும் பனையேறிகளும் நிறைந்த கிறிஸ்தவக் கிராமம் ஒன்றின் பேச்சை அலட்டாமல் காதில் போட்டுவிடுகிறது.

‘தலைமுறைகள்’ அப்படியில்லை. இரணியல் செட்டிமார்களின் பேச்சு மொழி உரையாடலோடு நிற்காமல் கதை சொல்லும் நடைக்குள்ளேயே இறங்கிவிடுவதால், முதல் அத்தியாயத்திலேயே பல இடங்களில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. என்னுடன் வேலை செய்யும் நண்பர் தக்கலைக்காரர். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் புத்தகத்தை நீட்டி ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். நான் நான்கு இடத்தில் நின்ற வாக்கியத்தை அவர் ஒரே மூச்சில், ஏதோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரையோ குறை சொல்வதைப் போல இழுத்துக்கொண்டு போனார். முடித்துவிட்டு, “எங்க ஆச்சி பேசுகது மாதிரியே இருக்கு சார். நீங்க கமாவைப் பாத்து நிறுத்துதிய, அவ்வொ மூச்சு முட்டினாத்தான் நிறுத்துவாவ” என்றார். அன்று இரவே அந்த அத்தியாயத்தை நானும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அவருடைய ராகம் எனக்கு வரவில்லை என்றாலும், யார் யாரிடம் பேசுகிறார்கள், எங்கே கேலி, எங்கே வசை என்பது தடையில்லாமல் பிடிபட்டது. ஆகவே இந்நூலுக்கு மட்டும் திட்டத்தில் ஒரு தனி ஏற்பாடு: முதல் சில அத்தியாயங்களை வாய்விட்டும், அதன் பிறகு மனத்துக்குள்ளும் படிப்பது. பேருந்தில் இது நடக்காது என்பதால் ‘தலைமுறைகள்’ இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் உரியதாகிவிட்டது.

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகு கிடைத்த வரிசைக்கும் ஆண்டு வரிசைக்கும் உள்ள வேறுபாடு முதல் இரண்டு நூல்கள் இடம் மாறியதுதான். இதற்கா இத்தனை பாடு என்று வீட்டில் சிரித்தார்கள்.

படிக்கும்போது எதைக் கவனிப்பது என்பதையும் முன்கூட்டியே ஓரளவு தீர்மானித்திருக்கிறேன். ‘புத்தம் வீட்’டின் லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபடுகிறாள். ‘தலைமுறைகள்’ நாவலில் திரவியின் அக்கா நாகு, பெண்மையே இல்லாதவள் என்ற பழியுடன் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாள். ஒன்று கிறிஸ்தவ வீடு, மற்றொன்று செட்டியார் வீடு. எழுதியவர்களில் ஒருவர் பெண், ஒருவர் ஆண். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை ஹெப்சிபா எங்கிருந்து பார்க்கிறார், தம்பியின் கண் வழியாகப் பத்மநாபன் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதை இரண்டையும் அருகருகே வைத்தால்தான் சொல்ல முடியும். ‘தலைகீழ் விகிதங்க’ளில் கதை ஆண் பக்கம் திரும்புகிறது, படித்தும் வேலையில்லாத சிவதாணு, பணக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வசதிக்குள் சிறுமைப்படுகிறான். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் சமூகத்தைச் சொல்லும் மீரானின் நாவலில், ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் முதலாளியின் அதிகாரம் மெல்ல ஆட்டம் காண்கிறது. லிஸிக்குக் கைநழுவிப் போன பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும் என்பதாலேயே அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். காதைப் பொறுத்தவரையிலும் அதுதான் அதன் இடம். மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அந்தப் பேச்சை நான்கு நூல்களின் பழக்கத்துக்குப் பிறகு எதிர்கொள்வது நல்லது.

நூல்கள் கைக்கு வந்துவிட்டன. மூன்று சொந்தப் பிரதிகள்; ‘புத்தம் வீடு’ நண்பரிடம் இரவல்; ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நூலகப் பிரதி. நூலகப் பிரதியைக் கடைசி வாரத்துக்கு வைத்திருப்பதால் இடையில் ஒருமுறை போய்த் தவணையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ‘தலைகீழ் விகிதங்கள்’ 2002இல் தங்கர் பச்சான் இயக்கத்தில் ‘சொல்ல மறந்த கதை’ என்றும், ‘தலைமுறைகள்’ 2010இல் ‘மகிழ்ச்சி’ என்றும் திரைப்படங்களாக வந்திருக்கின்றன. இரண்டையும் நான் பார்த்ததில்லை. நூலை முடிக்கும் வரை பார்ப்பதாகவும் இல்லை. ஒரு நடிகரின் முகம் மனத்தில் ஒட்டிக்கொண்டால் சிவதாணுவை அதன் பிறகு எழுத்தில் தேட முடியாது.

முன்னோட்டமாகப் ‘புளியமர’த்தின் முதல் மூன்றில் ஒரு பங்கை இந்த வாரமே முடித்துவிட்டேன். முன்பு படித்தபோது ஆசானின் கதைகளை வேடிக்கையாக மட்டுமே ரசித்தேன். இப்போது, திருவிதாங்கூர் மகாராஜாவின் வருகைக்காக ஊர் ஓடியாடும் பகுதியில், அரசரின் மூக்கு சுளியுமோ என்று அஞ்சி ஒரு நிலப்பரப்பையே மாற்றும் அதிகாரத்தின் மீதுதான் கண் போகிறது. சிரிப்பு குறையவில்லை, அதற்குள் கசப்பும் தெரிகிறது. நாகர்கோவிலின் பழைய வரைபடம் ஒன்று கிடைத்தால் உதவியாக இருக்கும் என்று தோன்றியது, இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திட்டத்தில் நழுவக்கூடிய இடம் ‘தலைமுறைகள்’தான். ஐந்திலும் பருமனானது அது, அவசரப்பட்டால் பயனில்லை. இரண்டாம், மூன்றாம் வாரங்கள் முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கிறேன். அதற்கும் மேல் இழுத்தால் ‘தலைகீழ் விகிதங்க’ளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு நேராகத் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போவதாக முடிவு. மாறாக, எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்து நாட்கள் மிஞ்சினால் ‘ரப்பர்’ உள்ளே வரும். தக்கலை நண்பர் தம்முடைய பங்குக்குத் ‘தலைமுறைகள்’ நூலை எனக்குப் பிறகு இரவல் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் முடித்த பிறகு அவர் கையில் எடுக்கப்போகும் முதல் நாவல் அதுவாம்.